கட்டிக்கு ஏது ஊரடங்கு?

ஐதராபாத்தில் லக்டிகாபூலைத் தாண்டினால் ரெட் ஹில்ஸ். குழந்தைகளுக்கான நிலோஃபர் மருத்துவமனையும் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கும் பகுதி. எம்.என்.ஜே. என்றால் மெஹ்தி நவாஸ் ஜங். பழைய ஐதராபாத் மாநிலத்தில் அமைச்சராக இருந்தவர், பிற்பாடு குஜராத்தின் முதல் ஆளுநர். சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். எம்.என்.ஜே. மருத்துவமனை தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. அடையாறு நமக்கு எப்படியோ, தெலுங்கு நாட்டு ஏழைகளுக்கு எம்.என்.ஜே. அப்படி. அடிலாபாத், கம்மம், மெஹபூப்நகர், எல்லை தாண்டிக் கர்னூல், பீதர், நாந்தேடு என்று நாலாபக்கமிருந்தும் வருவார்கள். கையில் ஸ்கேன் படம் வைத்த பிளாஸ்டிக் உறை, துணைக்கு ஒரு ஆள். கீமோ என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கரண்ட் வைக்க வேண்டும் என்றால், அதாவது கதிர்வீச்சு என்றால், ஆறேழு வாரம் அங்கேயே எங்காவது தங்கியாக வேண்டும்.

கொரோனா பரவலால் 2020 மார்ச் 22-ல் ரயில்கள் நின்றன. 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. செகந்திராபாத்தின் காந்தி மருத்துவமனையை அப்படியே கொரோனாவுக்கு ஒதுக்கினார்கள். புற்றுநோய் மருத்துவமனைகளை யாரும் மூடச் சொல்லவில்லை, அவை இயங்கத்தான் செய்தன. வழிதான் இல்லை. தெலங்கானாவில் மாவட்ட பஸ்கள் மறுபடி ஓடியது மே 19-ல். நகரப் பஸ்கள் செப்டம்பர் கடைசியில். ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் இடையே அரசு பஸ் ஓட நவம்பர் ஆகிவிட்டது. யார் பஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்று இரண்டு மாநிலமும் பேரம் பேசி முடிக்க அத்தனை நாள். கர்னூலிலிருந்து ஐதராபாத் 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நாட்டின் முதல் ஷ்ராமிக் ரயில் மே 1-ம் தேதி ஐதராபாத்தின் லிங்கம்பள்ளியிலிருந்துதான் கிளம்பியது. ஊருக்குத் திரும்பும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் போனது. ஊரை விட்டுப் போக ரயில் வந்தது. மருந்துக்காக ஊருக்குள் வர ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் அதே ஊரடங்கில், கும்பகோணம் அருகே ஒரு கூலித் தொழிலாளி புற்றுநோய் வந்த மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எல்லோராலும் அது முடியுமா?

முடியவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நேஷனல் கேன்சர் கிரிட் என்பது நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகள் சேர்ந்த கூட்டமைப்பு. அதில் 41 மையங்கள், 2020 மார்ச் முதல் மே வரையிலான தங்கள் பதிவேடுகளை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிட்டன. 2021-ல் லான்செட் ஆங்காலஜி இதழில் அது வெளியானது. புதிதாகப் பதிவு செய்த நோயாளிகள் 1,12,270 பேரிலிருந்து 51,760 ஆகக் குறைந்திருந்தார்கள். பாதிக்கும் கீழே. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதம் குறைந்தன, வெளிநோயாளிகளுக்கான கீமோ 37 சதவீதம். கதிர்வீச்சுக்கு வந்தவர்கள் மட்டும் 23 சதவீதம்தான் குறைவு.

இந்த நான்கு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நடந்தது புரியும். சிகிச்சையை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டவர்களை மருத்துவமனைகள் கைவிடவில்லை. கதிர்வீச்சு பாதியில் இருந்தவர்கள் எப்படியோ முடித்தார்கள். நோய் இன்னதென்றே தெரியாமல் வீட்டில் இருந்தவர்கள்தான் காணாமல் போனார்கள். இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது: வீழ்ச்சி பெருநகரங்களில்தான் அதிகம். சிறிய ஊர்களை விட வசதி மிகுந்த இடங்களில் ஏன் இப்படி? பெருநகர மருத்துவமனையின் நோயாளி அந்த நகரத்தில் இல்லை என்பதுதான் காரணமாக இருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. ஐதராபாத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

சரி, மூன்று மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும்? எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்தது. பாடப்புத்தகக் கணக்கு ஒன்று உண்டு. ஒரே ஒரு செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, 30 முறை இரட்டித்தால் சுமார் நூறு கோடி செல்கள். கட்டி அப்போதுதான் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும், கையில் தட்டுப்படும். அதன்பின் இன்னும் பத்தே பத்து இரட்டிப்பு போதும், ஒரு கிலோ எடை ஆகிவிடும். ஆக, கட்டியின் ஆயுளில் முக்கால் பங்கு யார் கண்ணுக்கும் தெரியாமலே கழிகிறது. மார்பகக் கட்டி ஒன்று நூறு நாளுக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், விரலுக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே அதற்கு எட்டு வயது ஆகியிருக்கும். எல்லாக் கட்டியும் இப்படி ஒரே சீராக வளர்வதில்லை. சில நடுவில் தூங்கும், சில திடீரென்று வேகமெடுக்கும். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்க இது உதவும்.

அதே கட்டியை ஊரடங்குக் காலத்தின் மூன்று மாதத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு இரட்டிப்பு. பருமன் இரண்டு மடங்காகும், ஆனால் விட்டம் 26 சதவீதம்தான் கூடும். 1.8 சென்டிமீட்டர் 2.2-ஐத் தாண்டும். கையால் தொட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மார்பகப் புற்றில் முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் பிரிக்கும் கோடு இரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது. நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ உள்ள வேகமான கட்டி மாதத்துக்கு ஒரு தடவை இரட்டித்தால், அதே மூன்று மாதத்தில் பருமன் எட்டு மடங்கு, விட்டம் இரு மடங்கு. சிறுபிள்ளைகளுக்கு வரும் பர்க்கிட் லிம்ஃபோமா ஓரிரு நாளிலேயே இரட்டிக்கக்கூடியது. மறுமுனையில், வயதானவர்களின் சில புராஸ்டேட் கட்டிகளை வருஷக்கணக்கில் வெறுமனே கண்காணித்துக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் நமக்கு ஒரே நோய் மாதிரித் தோன்றுகிறது.

2020 நவம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் மரண ஆபத்து 6 முதல் 13 சதவீதம் வரை கூடுகிறது என்றது. இதை அவசரமாகப் படித்தால் நூறு பேரில் 13 பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. ஏற்கெனவே உள்ள ஆபத்து 1.06 அல்லது 1.13 மடங்காகிறது என்று பொருள். தனி ஒருவருக்கு அது சிறிய எண்தான். ஆயிரக்கணக்கானவர்கள் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று காத்திருக்கும்போது அது சிறிய எண்ணாக இருக்காது.

ஆரம்பிக்காத சிகிச்சையின் கணக்கு இது. பாதியில் நிற்கும் சிகிச்சையின் கணக்கு வேறு, அதுதான் இந்த விஷயத்திலேயே ஆச்சரியமான பகுதி.

குட்கா, பான் போடும் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்கள் எந்தக் கதிர்வீச்சுப் பிரிவிலும் நிறைய இருப்பார்கள். அவர்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு முறை, மொத்தம் 33 முதல் 35 முறை. ஒவ்வொரு முறையும் 2 கிரே அளவு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் இளக்கி, முகத்தின் மேல் போர்த்தி, நெற்றியும் மூக்கும் தாடையும் படிய அழுத்துவார்கள். சில நிமிடத்தில் அது ஆறி இறுகி, அந்த ஆளின் முகமாகவே ஆகிவிடும். வலை மாதிரி துளைகள் இருப்பதால் மூச்சு விடலாம், அசைய முடியாது. பெயரும் எண்ணும் ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். தினம் அதை மாட்டி மேஜையோடு பூட்டித்தான் கதிர் செலுத்துவார்கள். கட்டி சுருங்கினாலோ ஆள் மெலிந்தாலோ அச்சு தளர்ந்துவிடும். நடுவில் ஒரு மாதம் வராமல் இருந்து திரும்பினால், பல நேரம் புது அச்சு, புது ஸ்கேன், புதுத் திட்டம்.

ஏன் தினம் கொஞ்சமாக? கதிர் டி.என்.ஏ.வை உடைக்கிறது. நல்ல செல்கள் சுமார் ஆறு மணி நேரத்தில் பழுது பார்த்துக்கொள்ளும், புற்றுச் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. ஆகவே இடைவெளி விட்டு அடித்தால் நல்லது பிழைக்கும், கெட்டது சாகும். ஆனால் 1988-ல் ரோட்னி விதர்ஸும் அவர் சகாக்களும் பழைய நோயாளிகளின் கணக்குகளைக் கிளறிப் பார்த்தபோது வினோதமான ஒன்று தெரிந்தது. தலை, கழுத்துக் கட்டிகளில் சிகிச்சை ஆரம்பித்துச் சுமார் நான்கு வாரம் கழித்து, மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் முன்பைவிடப் பன்மடங்கு வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. களை பறித்த வயலில் விட்டுப்போன நாலு களை, இடமும் எருவும் கிடைத்த குஷியில் தழைக்கிற மாதிரி. அதைச் சமாளிக்கவே தினமும் 0.6 கிரே அளவு வீணாகப் போகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. கொடுப்பதே 2 கிரேதான்.

இதன்படி பார்த்தால், ஐந்தாவது வாரத்தில் ஒருவர் பஸ் இல்லாமல் ஊரில் மாட்டிக்கொண்டால், சிகிச்சை நின்றுபோனது மட்டும் நஷ்டமில்லை. எஞ்சிய செல்கள் மிக வேகமாகப் பெருகும் நேரத்தில் கதிர் நின்றிருக்கிறது. நாள் ஒன்று தவறினால் கட்டியை முழுமையாக ஒழிக்கும் வாய்ப்பு ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைகிறது என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கருப்பை வாய்ப் புற்றுக்கும் இதே கதைதான், எட்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதனால்தான் கதிர்வீச்சு அறைகள் கடைசி வரை மூடாமல் இருந்தன. நடுவில் கொரோனா வந்த நோயாளியைக்கூடப் பல இடங்களில் அன்றைய கடைசி ஆளாக வைத்து, அதன்பின் அறையைக் கழுவி, சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். தவறிப்போன நாட்களை ஈடுகட்ட சனிக்கிழமையும் வைத்தார்கள், அல்லது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்தார்கள். கதிர்வீச்சுக்கு வந்தவர்கள் 23 சதவீதம் மட்டுமே குறைந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மார்பகக் கட்டி இதில் வேறு ஜாதி. அதற்கு 15 முறை, மூன்று வாரம் என்பது வழக்கத்தில் இருந்தது. 2020 ஏப்ரல் கடைசியில், கொரோனாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், பிரிட்டனில் பல வருஷமாக நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வின் முடிவு வெளியானது. 4,096 பேர். ஐந்தே முறை, ஒரே வாரம், மொத்தம் 26 கிரே கொடுத்தாலும் ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பும் விகிதம் மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைவில்லை என்றது. காலம் பார்த்து வந்த மாதிரி வந்தது. அடிலாபாத்திலிருந்து 300 கிலோமீட்டர் வருகிற பெண்ணுக்கு மூன்று வாரம் என்பது லாட்ஜ் வாடகை, கூட வருபவரின் கூலி, வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாடு. சாதாரணக் காலத்தில் இப்படி ஒரு மாற்றம் பத்து வருஷம் இழுத்திருக்கும். அந்த வருஷம் சில மாதங்களிலேயே உலகெங்கும் பல மருத்துவமனைகள் மாறின.

மாத்திரைகளும் கைகொடுத்தன. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் மார்பகப் புற்றில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரை தினம் ஒன்று கொடுத்துச் சில மாதங்கள் கட்டியை அடக்கி வைக்க முடியும், பல சமயம் சுருக்கவும் முடியும். அறுவை சிகிச்சை தேதி கிடைக்காதவர்களுக்கு அதை முதலில் ஆரம்பித்துவிட்டார்கள். ஊசியாக ஏற்றும் கீமோவுக்குப் பதில் இயன்ற இடத்தில் வாய்வழி மருந்து. எல்லாக் கட்டிக்கும் இது செல்லாது. ரத்தப் புற்று வந்த குழந்தைக்குத் தட்டணுக்கள் ஏற்றியே ஆக வேண்டும். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, கல்லூரிகள் மூடிக் கிடந்ததால் ரத்த தான முகாம்களும் இல்லை.

அறுவை சிகிச்சை பாதியாகக் குறைந்ததற்குப் பயமும் ஒரு காரணம். வூஹானிலிருந்து வந்த ஆரம்ப அறிக்கை ஒன்று, கொரோனா தொற்றியிருப்பது தெரியாமலே அறுவை செய்துகொண்ட 34 பேரில் 7 பேர் இறந்ததாகச் சொன்னது. யாருக்குத்தான் கத்தி எடுக்கத் துணிவு வரும்? மும்பை டாடா நினைவு மருத்துவமனை துணிந்தது. ஊரடங்கின் முதல் வாரங்களில் 494 பெரிய அறுவைகள் செய்தார்கள். பிறகு தொற்று கண்டறியப்பட்டவர்கள் ஆறு பேர், அந்த ஆறு பேரும் தேறினார்கள். உயிரிழப்பு இல்லை. தொற்றுக்குப் பயந்து புற்றுநோயை விட்டுவிடக் கூடாது என்று மற்ற மருத்துவர்களிடம் சொல்ல, அறிவுரையை விட இந்த எண் பயன்பட்டது.

கண்டுபிடிப்பதில் நேர்ந்த இடறல்கள் வேறு மாதிரி. வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், வெள்ளைத் திட்டும் ஆறாத புண்ணும் தெரியும். அந்த இரண்டு வருஷம் யாரும் யார் முன்னாலும் வாயைத் திறக்கவில்லை. ஊரடங்கின்போது பல் மருத்துவமனைகள் பல மூடியிருந்தன. இருமல் என்றால் உடனே மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட். நெகட்டிவ் என்றால் நிம்மதி. அந்த இருமலுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு நேரமே இல்லை. இதற்கு நேர்மாறாக, கொரோனாவுக்காக எடுத்த மார்பு சிடி ஸ்கேனில் தற்செயலாக நுரையீரல் கட்டி தெரிந்தவர்களும் உண்டு. 2021-ல் தடுப்பூசி வந்ததும் புதுக் குழப்பம்: ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் நெறி கட்டும், உடம்பு எதிர்ப்புச் சக்தி திரட்டுவதன் அடையாளம். மேமோகிராம் படத்தில் அது புற்று பரவியது போலவே தெரியும். முதல் ஊசிக்கு முன்போ, இரண்டாவது ஊசி போட்டு நான்கு முதல் ஆறு வாரம் கழித்தோ படம் எடுங்கள் என்று அமெரிக்க மார்பகப் படவியல் சங்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

வலியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின்தான் மருந்து, மாத்திரையாகவே கிடைக்கிறது, விலையும் குறைவு. எம்.என்.ஜே.யில் டாக்டர் காயத்ரி பாலாட் முதலானவர்கள் பல ஆண்டுகளாக வலித் தணிப்புப் பிரிவை நடத்திவருகிறார்கள், வீடு தேடிப் போகும் குழுக்களும் உண்டு. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25-ம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. போனிலேயே டாக்டரிடம் பேசலாம், வாட்ஸப்பில் வரும் சீட்டைக் காட்டி மருந்து வாங்கலாம். ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் எந்த மருந்தையும் அப்படி எழுதக் கூடாது என்று அதே ஆவணம் தடுத்தது. மார்ஃபினும் அதில் அடக்கம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலிருந்தே சீட்டு வாங்கலாம். எலும்பில் புற்று பரவி இரவெல்லாம் கத்துகிறவருக்காக யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும், போக பஸ் கிடையாது. போதைக் கடத்தலை மனதில் வைத்து எழுதிய விதி யார் தலையில் வந்து விடிந்தது என்று பாருங்கள். 41 மையங்களின் கணக்கில் வலித் தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் 29 சதவீதம் குறைவு.

இதன் விளைவை இனிமேல் எங்கே தேடுவது? கேன்சர் கிரிட் ஆய்வாளர்கள், கண்டறியாமல் போனவற்றால் அடுத்த ஐந்து ஆண்டில் ஒரு லட்சத்தை ஒட்டி கூடுதல் மரணங்கள் நேரலாம் என்று கணித்தார்கள். கணிப்புத்தான், எண்ணிப் பார்த்ததல்ல. ஐதராபாத் மாவட்டத்துக்கென்று புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. 2020 ஆகஸ்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட தேசிய அறிக்கையில், மார்பகப் புற்றுநோய் லட்சம் பெண்களுக்கு 48 என்று நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது ஐதராபாத்தான், சென்னை 42.2. அவை கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளின் எண்கள். 2020-க்கான புள்ளியை வரைபடத்தில் வைத்தால் பள்ளம் விழும். அமெரிக்காவின் சீர் (SEER) புற்றுநோய்ப் பதிவேடு அந்த ஒரு ஆண்டைப் போக்குக் கணக்கிலிருந்தே ஒதுக்கி வைத்தது, இல்லாவிட்டால் புற்றுநோய் குறைகிறது என்ற பொய்க்கோடு கிடைத்திருக்கும்.

எண்ணிக்கை பிறகு மேலேறிவிடும், வராதவர்கள் ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும். வரும்போது எந்த நிலையில் வந்தார்கள் என்பதில்தான் தடயம் இருக்கும். 2019-ல் நூறு பேரில் எத்தனை பேர் முதல் நிலையில் வந்தார்கள், 2021-ல் எத்தனை பேர், மூன்றாம் நிலைக்காரர்கள் எவ்வளவு கூடினார்கள்? நம் நாட்டுப் பதிவேடுகளில் நோயின் நிலையைக் குறிக்கும் கட்டம் பல சமயம் நிரப்பப்படாமல் இருக்கும். நோயாளி ஒரு இடத்தில் பயாப்ஸி, இன்னொரு இடத்தில் ஸ்கேன், மூன்றாவது இடத்தில் சிகிச்சை என்று அலைவதால் அந்தத் தகவல் ஒரே கையில் சேர்வதில்லை. ஆகவே விடை வேண்டுமானால் மருத்துவமனை ஆவண அறைகளில் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டியின் அளவை மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.